சீரியலுக்குப் பாட்டுக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் தேனிக்காரன். பகலில் செல்போன் கடை, ராத்திரியில் பாட்டு. போன வருடம் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஒரு பாட்டு வெளியிட்டேன். மெட்டு என்னுடையது. தொடக்கத்தில் வரும் இரண்டு வரி என் அப்பத்தா பாடிய நடவுப்பாட்டு. மீதி வரிகளைக் கல்லூரி நண்பன் எழுதினான், அவனுக்கு 2,000 ரூபாய் ஜிபே செய்தேன். பாடியது என் சித்தி மகள். அடியில் ஓடும் பீட்டை (ரெடிமேட் பின்னணி இசை) இணையத்தில் 30 டாலருக்கு வாங்கினேன். எதற்கும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. இப்போது ஒரு சீரியல் தயாரிப்பு நிறுவனம் ஒரு திருவிழா சீனுக்கு அந்தப் பாட்டைக் கேட்கிறது. 15,000 ரூபாய் தருவார்களாம். ஆறு பக்க இங்கிலீஷ் அக்ரிமென்ட் அனுப்பி, வெள்ளிக்கிழமை சென்னைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இதற்குள் சீரியலின் ப்ரமோவில் என் பாட்டு 40 வினாடி வந்துவிட்டது. கேட்டால், "30 வினாடிக்குக் கொஞ்சம்தானே அதிகம், சட்டப்படி டிவிக்கு அனுமதியே தேவையில்லை" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா, கேஸ் போடலாமா? (பெயர் வேண்டாம், தேனி)

பதில்: நீங்கள் அனுப்பிய அக்ரிமென்டை முழுவதும் படித்தேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து வேண்டாம். கேஸும் இப்போதைக்கு வேண்டாம்.

தொகை குறைவாக இருப்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்தக் காகிதம் பாட்டை விலைக்குக் கேட்கிறது என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, பாட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ இன்றைய தேதியில் உங்களுக்கே முழு உரிமை இல்லை என்பது. அதனால் முதலில் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் அவர்களிடம் போவோம்.

நிலம் வாங்குகிறவர் பட்டா யார் பேரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா என்றுதானே முதலில் கேட்பார்? உங்கள் பாட்டு ஒரு கூட்டுப் பட்டா. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை ஒரே சொத்தாகப் பார்ப்பதில்லை. இசை ஒரு படைப்பு. வரிகள் தனிப் படைப்பு, சட்டத்தின் கண்ணில் அது இலக்கியம். பதிவான ஒலி மூன்றாவது, இந்தத் துறையில் 'மாஸ்டர்' என்பார்கள். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று. ஒரு சீனில் உங்கள் பாட்டைப் போட இத்தனை பேரின் சம்மதமும் வேண்டும்.

நண்பர் விஷயத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். காசு கொடுத்து எழுத வாங்கினால் வரிகள் நமக்குச் சொந்தம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதியிருந்தால் 17ஆம் பிரிவின்படி கதை வேறு. நண்பராக எழுதிக் கொடுத்தவர் விஷயத்தில் வரிகளின் முதல் உரிமையாளர் அவரே. அந்த உரிமை உங்களுக்கு மாற வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், அவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். ஜிபே ரசீது பணம் போனதைக் காட்டும். உரிமை வந்ததைக் காட்டாது.

அவரிடம் வரிகளை முழுக்க எழுதி வாங்கச் சொல்லவும் மாட்டேன். சீரியல்காரர்கள் உங்களுக்குச் செய்யப் பார்ப்பதை நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டுமா? இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் போதும். பாட்டை டிவி, ஓடிடி, சினிமா, விளம்பரத்துக்குக் கொடுக்கும்போது இருவர் சார்பிலும் நீங்கள் பேசலாம், வரும் பணத்தில் அவருக்கு இத்தனை சதவீதம், தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சித்தி மகளிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள். வீட்டுப் பெண்தானே என்று விடாதீர்கள். பாட்டு ஓடிய பிறகு சொந்தக்காரர்களுக்குள் வந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டூடியோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவரையே சட்டம் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்கிறது. அது நீங்கள்தான், பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள். அப்பத்தாவின் வரிகள் தலைமுறைகளாக வயலில் பாடப்பட்டவை என்றால் அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. அவர் பழைய கேசட்டிலோ சினிமாவிலோ கேட்டுப் பாடினாரா என்று மட்டும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

பீட்தான் உண்மையான வில்லங்கம். 30 டாலருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 'லீஸ்' வகை. அதே பீட்டை இன்னும் பல பேருக்கு விற்றிருப்பார்கள். எத்தனை ஸ்ட்ரீம் வரை போகலாம், டிவிக்குக் கொடுக்கலாமா என்றெல்லாம் அந்த லைசன்ஸில் வரம்பு இருக்கும். டிவி ஒளிபரப்புக்குத் தனிக் கட்டணம் என்றோ கூடவே கூடாது என்றோ போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. வாங்கிய அன்று வந்த மெயிலைத் தேடி எடுத்துப் படியுங்கள். அனுமதி இல்லையென்றால் பீட் செய்தவருக்கே எழுதி, டிவி, ஓடிடி என்று பெயர் சொல்லி அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பீட்டைக் கழற்றிவிட்டு, உங்கள் ஊர் வாத்தியக்காரர்களை வைத்து சீரியலுக்கென்றே புதிதாகப் பதிவு செய்யுங்கள். திருவிழா சீனுக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் பீட்டில் இருக்கும் மெலடியைப் பிடித்துத்தான் உங்கள் மெட்டே உருவானது என்றால், மறுபதிவு செய்தாலும் அவருடைய பங்கு போகாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அக்ரிமென்டின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. பாட்டின் எல்லா உரிமையும் உங்களுடையது என்று நீங்கள் உறுதி தருகிறீர்கள், நாளைக்கு யாராவது உரிமை கோரினால் நிறுவனத்துக்கும் சேனலுக்கும் ஏற்படும் நஷ்டம் முழுவதையும் நீங்கள் ஈடு செய்கிறீர்கள். உச்சவரம்பு கிடையாது. 15,000 வாங்கிக்கொண்டு இதில் கையெழுத்துப் போட்டால், அமெரிக்காவிலிருந்து பீட்காரர் ஒரு நோட்டீஸ் அனுப்பும் நாளில் உங்கள் கடையையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த ஆறு பக்கம். "பிரபஞ்சம் முழுவதும்" என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். இந்தத் துறையில் அது வழக்கமான வாசகம், சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத சொல் முதல் பக்கத்தில் இருக்கிறது: 'அசைன்'. அசைன்மென்ட் என்றால் கிரயம். லைசன்ஸ் என்றால் குத்தகை. எல்லா உரிமையையும் நிரந்தரமாக அசைன் செய்துவிட்டால், நாளைக்கு ஒரு சினிமா இயக்குநர் அதே பாட்டைக் கேட்டு வந்தாலும் நீங்கள் அவரை இவர்களிடம்தான் அனுப்ப வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவருக்கு, தன் பாட்டைத் தன் சேனலில் வைத்திருந்ததற்கே யூடியூபில் உரிமைக் கோரல் வந்தது. கோரியவர்கள், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள்தான். அக்ரிமென்டை எடுத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் தப்பே இல்லை.

ஒரு சீனுக்குக் கிரயம் எதற்கு? லைசன்ஸ் போதும். பிறருக்கும் கொடுக்கும் உரிமை உங்களிடமே இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். எந்த சீரியல், எத்தனை எபிசோடு, எத்தனை வருடம், இந்தியா மட்டுமா வெளிநாடுமா என்று தெளிவாக இருக்கட்டும். சேனல் ஒளிபரப்பு, மறு ஒளிபரப்பு, அவர்களின் ஓடிடி, யூடியூப் துண்டுகள், ப்ரமோ, வேற்றுமொழி டப்பிங் என்று ஒவ்வொன்றும் தனியாக எழுதப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லலாம். பின்னணியில் மெல்ல ஓடுவதற்கும் டைட்டில் பாட்டாகத் தினமும் வருவதற்கும் ஒரே விலை இருக்க முடியாது. வருடக் கணக்கு எழுதாமல் விட்டால் 5 வருடம், எல்லை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவே நிரப்பிக்கொள்ளும், 30ஏ பிரிவு வழியாக லைசன்ஸுக்கும் இது பொருந்தும். ஆக, அவர்கள் 'நிரந்தரம்' என்று எழுதுவதைவிட ஒன்றுமே எழுதாமல் விடுவது உங்களுக்கு லாபம்!

நான்காம் பக்கத்தில் "எதிர்கால ராயல்டி அனைத்தையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று இருக்கிறது. மெட்டையும் வரிகளையும் பொறுத்தவரை அது செல்லாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்க்கப்பட்ட பாட்டின் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுகளுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். "இது சீரியல், சினிமா இல்லையே" என்பார்கள். சட்டம் தரும் விளக்கத்தில் காட்சிப் பதிவு எதுவானாலும் சினிமாட்டோகிராஃப் படம்தான், சீரியலும் அதில் அடங்கும். இந்தத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்து வாதாடியவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். ஊர் ஊராகப் பாட்டெழுதும் பலருக்கு இது இன்னும் தெரியாது.

செல்லாத ஷரத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட வேண்டாம். அடித்துவிடச் சொல்லுங்கள். செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அந்த ராயல்டி கைக்கு வர ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் நீங்களும் நண்பரும் உறுப்பினராகி, பாட்டைப் பதிய வேண்டும். 1969 முதல் இருக்கும் சங்கம், திருத்திய சட்டத்தின் கீழ் 2017இல் மறுபதிவு பெற்றது. பாடகிக்கு இஸாம்ரா என்று தனிச் சங்கம் இருக்கிறது. எந்த எபிசோடில் யார் பாட்டு எத்தனை வினாடி வந்தது என்ற பட்டியலை 'க்யூ ஷீட்' என்பார்கள். அதில் உங்கள் இருவர் பெயரும் சரியாக வரும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி சேருங்கள். டைட்டில் கார்டில் பெயர் வருவதைவிட இது முக்கியம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சங்கத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த உரிமையை மறுபடி இன்னொருவருக்கு மாற்றினால் அது செல்லாது. ஆகவே சங்கத்தின் பத்திரத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, ப்ரமோ. 30 வினாடிக் கணக்கு இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. யார் கிளப்பிவிட்டதோ, எடிட்டிங் அறைகளில் வேதவாக்காக உலவுகிறது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு டிவி வழக்கில், பேட்டிக்கு வந்த பாடகி சில வரிகளைப் பாடிக் காட்டியதை அற்ப விஷயம் என்று விட்டது உண்மை. சீரியலுக்கு ஆள் பிடிக்க மாஸ்டரையே 40 வினாடி ஓட்டியதை அதோடு ஒப்பிட முடியாது.

"டிவிக்கு அனுமதி தேவையில்லை" என்பது பாதி உண்மை. 31டி பிரிவின்படி, வெளியான பாட்டை ஒளிபரப்பு நிறுவனம் உரிமையாளரைக் கேட்காமல் ஒலிபரப்ப வழி உண்டு. அதற்கு முன்னறிவிப்பு தர வேண்டும், நிர்ணயித்த தொகையையும் கட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டும் வரவில்லை. தவிர, பாட்டைக் காட்சியோடு கோத்துப் படமாக்குவது 14ஆம் பிரிவில் தனி உரிமை. இவர்கள் கேட்டு வந்திருக்கும் 'சிங்க்' அனுமதி அதுதான். இணையத்தில் பாட்டை ஓடவிடுவதற்கு 31டி உதவாது என்று விங்க் என்ற பாட்டுச் செயலி மீதான வழக்கில் 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது, 2022இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வும் அதை உறுதி செய்தது. ப்ரமோ யூடியூபிலும் இருந்தால் அந்தச் சாக்கு அங்கே எடுபடாது.

ப்ரமோவை இன்றே பதிவு செய்து வையுங்கள். தேதி, நேரம், சேனல், லிங்க் எல்லாம் தெரிய வேண்டும். எதில் பதிவு செய்கிறீர்களோ அந்தப் போனை விற்றுவிடாதீர்கள் (செல்போன் கடைக்காரரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்), மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தரும்போது அது தேவைப்படும். பதிப்புரிமை மீறல் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. அதற்காக நாளைக்கே ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம். யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுத்து ஸ்ட்ரைக்கும் அடிக்க வேண்டாம். பீட் கணக்கு தீராத நிலையில் அது உங்கள் பக்கமே திரும்பும். சிவில் வழக்குக்கு 3 வருடம் அவகாசம் இருக்கிறது. வழக்கென்று வந்தால் 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் முதல்நிலை ஆதாரமாகும். இசைக்கும் வரிகளுக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. நண்பரோடு கணக்குத் தீர்ந்ததும் செய்துவிடுங்கள்.

நிறுவனத்துக்கு இப்போது போனில் எதுவும் பேசாமல் ஒரு மெயில் மட்டும் அனுப்புங்கள். "பாட்டைத் தர எனக்கு விருப்பம். அசைன்மென்டாகத் தர இயலாது, லைசன்ஸாகத் தருகிறேன். இன்ன தேதியில் ப்ரமோவில் அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கான தொகையும் இதில் சேரும். அதுவரை ப்ரமோவில் பாட்டை நிறுத்திவையுங்கள். திருத்திய வரைவை என் வழக்கறிஞர் பத்து நாளில் அனுப்புவார்." இவ்வளவு போதும். ப்ரமோவில் பாட்டை ஓட்டிவிட்டார்கள், சீனையும் எடுத்து முடித்திருக்கலாம், அப்படியானால் அவசரம் அவர்களுடையது. நஷ்ட ஈட்டுப் பத்தியை நீங்கள் வாங்கும் தொகைக்கு மேல் போகாதபடி நான் சுருக்கித் தருகிறேன். வரிகளை மாற்றக் கூடாது, கட்சிப் பிரச்சாரத்துக்கோ விளம்பரத்துக்கோ திருப்பக் கூடாது என்பதையும் சேர்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை சென்னைக்கு பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய்துவிட்டு, அன்று நண்பரைப் போய்ப் பாருங்கள். பீட் வாங்கிய மெயில் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் வரைவைத் தொட மாட்டேன்.