தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்கள் கோவிட் தடுப்பூசி போடலாமா? வாசகர் கேள்விகளுக்கு வாதநோய் மருத்துவரின் பதில்கள்

வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை நோயின் பெயரைச் சொல்லி, "போடலாமா, கூடாதா?" என்று கேட்கின்றன. என்ன மருந்து எடுக்கிறார்கள் என்று எழுதியவர்கள் சிலர்தான். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அந்த மருந்து. தன்னெதிர்ப்பு நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் கோவிட் தடுப்பூசியை மறுக்க வேண்டியதில்லை. எந்த வாரம் போடுவது, மாத்திரையை நிறுத்தி வைப்பதா, கூடுதல் தவணை வேண்டுமா என்பதெல்லாம் மருந்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

எனக்கு வயது 34. சில வருடங்களாக லூபஸ். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் சாப்பிடுகிறேன். என் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே என்னையே தாக்குகிறது. அதைத் தூண்டிவிடும் ஊசியைப் போட்டால் நோய் அதிகமாகிவிடாதா?

நியாயமான பயம். தடுப்பூசி வந்த புதிதில் எங்களுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. முதலில் நடந்த பெரிய சோதனைகளில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவே இல்லை. அதனால் உறுதியாக எதையும் சொல்ல முடியாத சில மாதங்கள் இருந்தன. இன்று அந்த நிலை இல்லை.

தடுப்பூசி போட்ட லூபஸ் நோயாளிகள் 696 பேரிடம், 30 நாடுகளில், 2021-ல் ஓர் ஆய்வு நடந்தது. ஊசிக்குப் பிறகு மருத்துவர் உறுதி செய்த அளவில் நோய் தலைதூக்கியது 3 சதவீதம் பேருக்கு. வாதநோயாளிகளுக்கான ஐரோப்பியப் பதிவேட்டில் 5,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைப் பார்த்தபோது அது 4.4 சதவீதம், கடுமையாக வந்தது 0.6 சதவீதம். ஊசியே போடாவிட்டாலும் லூபஸ் அவ்வப்போது தலைதூக்கும் நோய்தான் என்பதையும் சேர்த்து இந்த எண்களைப் பாருங்கள்.

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது ஊசி மட்டுமா? கோவிட் கிருமி அதைவிடப் பல மடங்கு முரட்டுத்தனமாகத் தூண்டும். தொற்று வந்து போனவர்களிடம் புதிதாகத் தன்னெதிர்ப்பு நோய்கள் தோன்றுவது கூடியிருப்பதை 2023-ல் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. ஊசியால் வரும் தொந்தரவைத் தொற்றால் வரும் தொந்தரவோடுதான் ஒப்பிட வேண்டும். எதுவுமே வராத ஒரு நிலையோடு ஒப்பிட்டுப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

உங்கள் மருந்து எதிர்ப்புச் சக்தியை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அதை ஒரு நாள்கூட நிறுத்தாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உயிருக்கே ஆபத்தான அளவுக்கு நோய் முற்றியிருக்கும் நேரத்தில் மட்டும் அது கட்டுப்படும் வரை தள்ளிப்போடுவோம்.

முடக்குவாதத்துக்கு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன். ஊசிக்கு முன்னால் இரண்டையும் நிறுத்த வேண்டுமா?

ப்ரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, அதை நிறுத்தவே கூடாது. மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. உங்கள் அளவு குறைவு. ஊசியின் பலனை அது பெரிதாகக் கெடுக்காது.

மெத்தோட்ரெக்ஸேட் வேறு கதை. ஊசிக்கு முன்னால் நிறுத்தியும் பயன் இல்லை, போட்ட பிறகுதான் இடைவெளி தேவை. பிரிட்டனில் 254 பேரிடம் செய்த ஆய்வில், ஊசிக்குப் பின் இரண்டு வாரம் இந்த மாத்திரையை விட்டவர்களுக்கு கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடி ஏறத்தாழ இரண்டு மடங்கு உருவானது. அவர்களில் சிலருக்கு மூட்டு வலி கூடியது உண்மை. பெரும்பாலானோர் அதை வீட்டிலேயே சமாளித்துவிட்டார்கள்.

நாள் கணக்கு இப்படி வரும்: வெள்ளிக்கிழமை ஊசி என்றால், அடுத்து வரும் இரண்டு ஞாயிறும் மாத்திரை வேண்டாம், மூன்றாவது ஞாயிறு பழைய அளவிலேயே தொடங்குங்கள். மூட்டுகள் அடங்கியிருந்தால் மட்டுமே இது. வீக்கம் இருக்கும்போது விட வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மைக்கோஃபினோலேட், டோஃபாசிட்டினிப் எடுப்பவர்களுக்கும் ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு வார இடைவெளி சொல்வதுண்டு. ஆனால் சிறுநீரகத்தைக் காப்பதற்காக மைக்கோஃபினோலேட் எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தவே கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். போன தடவை ஏற்றி இரண்டு மாதம் ஆகிறது. இப்போதே தடுப்பூசி போட்டுவிடட்டுமா?

இன்றைய கடிதங்களில் மிக முக்கியமானது இது. ஆன்டிபாடியை உருவாக்கும் பி அணுக்களைத்தான் ரிட்டுக்ஸிமாப் அழிக்கிறது. அவை திரும்பி வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் ஊசி போட்டால் பலருக்கு ஆன்டிபாடி சிறிதும் உருவாவதில்லை.

அதனால் அடுத்த முறை ஏற்றுவதற்குச் சுமார் நான்கு வாரம் முன்பாகத் தடுப்பூசியை வைப்பதுதான் வழக்கம். உங்கள் கணக்கில் அது ஐந்தாவது மாதம். நோய் அனுமதித்தால் ரிட்டுக்ஸிமாபையே கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், நாங்கள் அடிக்கடி செய்வதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதுவரை ஒரு தவணைகூடப் போடாதவராக இருந்து, சுற்றிலும் தொற்று பரவிக்கொண்டிருந்தால் காத்திருக்காதீர்கள். டி அணுக்கள் என்ற இன்னொரு படை ரிட்டுக்ஸிமாபால் அழிவதில்லை. அது தடுப்பூசியைக் கற்றுக்கொள்ளும், நோய் கடுமையாவதைத் தடுக்க உதவும். பிறகு சரியான நேரத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்தவர்களுக்குக் கூடுதல் தவணை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே பரிந்துரைத்தது.

இன்னொரு விஷயம், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் தவணைகளைத் தவறவிடாமல் போட வேண்டும். உங்கள் உடம்பு செய்ய முடியாத வேலையில் ஒரு பங்கு அவர்களிடம் இருக்கிறது.

தைராய்டில் ஹாஷிமோட்டோ என்ற தன்னெதிர்ப்பு நோய். தைராக்ஸின் மாத்திரை மட்டும். எனக்குத் தனி விதி ஏதாவது உண்டா?

இல்லை. உங்கள் எதிர்ப்புச் சக்தியை எந்த மருந்தும் குறைக்கவில்லை. மற்றவர்கள் போடுவது போலவே போடுங்கள். மருந்தில்லாத வெண்புள்ளிக்கும் இதே பதில்தான். முதல் வகை சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் ஏறலாம்.

போன தவணைக்குப் பிறகு பத்து நாள் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. மறுபடி போடத் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பத்து நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. காய்ச்சல், உடம்பு வலி, அக்குளில் நெறி கட்டுவது எல்லாம் பொதுவாக மூன்று நாளில் அடங்கும் ஊசியின் விளைவு. உங்களுக்கு வந்தது அதைத் தாண்டியது, நோய்தான் தலைதூக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அடங்கிவிட்டது, மூட்டு சிதைந்துவிடவில்லை. இப்படி இருக்கும்போது அடுத்த தவணைக்கு நான் கதவைச் சாத்துவதில்லை. வேறு வகைத் தடுப்பூசி கிடைத்தால் அதைப் பார்க்கலாம். மறுபடி வீங்கினால் எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு கடும் ஒவ்வாமை, இதயத் தசை அழற்சி, கை கால் செயலிழப்பு என்று வந்திருந்தால் அதே வகையை மறுபடி போடும் பேச்சே வேண்டாம். ரத்தத் தட்டணுக்கள் குறையும் தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்கள் ஊசிக்குப் பின் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினையால் ரத்தம் உறையும் நோய். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறேன். தடுப்பூசியால் ரத்தம் உறைந்த செய்திகளைப் படித்தேன்.

அந்தச் செய்திகள் அடினோவைரஸ் என்ற வேறொரு கிருமியைச் சுமப்பானாக வைத்த தடுப்பூசிகளைப் பற்றியவை. மிக அரிதாக, தட்டணுக் காரணி 4 என்ற புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகி, தட்டணுக்கள் குறைந்து, கூடவே ரத்தமும் உறைந்தது. உங்கள் நோயில் நடப்பது வேறு வழிமுறை. இருந்தாலும் அடினோவைரஸ் இல்லாத எம்ஆர்என்ஏ வகை கிடைக்கும்போது உங்களுக்கு அதையே சொல்வேன். அந்தச் செய்திகளில் அதிகம் அடிபட்ட அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி 2024-ல் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது.

வார்ஃபரினை நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை உங்களுக்குச் சொன்ன அளவுக்குள் இருக்கட்டும். மெல்லிய ஊசியால் போடச் சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் எடுக்கிறேன். பழைய தவணைகள் எல்லாம் போட்டாயிற்று. இன்னும் வேண்டுமா? மீறிக் கோவிட் வந்தால் என்ன செய்வது?

வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கடைசித் தவணையிலிருந்து 6 அல்லது 12 மாதத்தில் இன்னொன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஆன்டிபாடி பரிசோதனை செய்து, "நிறைய இருக்கிறது, வேண்டாம்" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் கிடையாது.

காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றைக்கே பரிசோதனை செய்யுங்கள். பேக்ஸ்லோவிட் போன்ற கோவிட் மாத்திரைகளை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பேக்ஸ்லோவிடில் இருக்கும் ரிட்டோனாவிர் என்ற மருந்து டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடும். சைக்ளோஸ்போரினுக்கும் அப்படியே, கோல்சிசின் எடுப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு இதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரியாது. நீங்கள் எடுக்கும் மருந்துகள், அளவு, கடைசியாக எடுத்த தேதி மூன்றையும் எழுதி கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டு எழுதும் முன்பே காட்டுங்கள்.