கையெழுத்து அவங்களோடது, கடன் உங்களோடது

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து நைஜீரியால ஒரு ஹோட்டல் கட்டலாம்னு பேசிட்டிருக்கோம். ஆப்பிரிக்க ஹோட்டல் முதலீட்டு மாநாடுகள்ல பெரிய பெரிய பிராண்டெல்லாம் வரிசையா ஒப்பந்தம் போடறாங்களே, அவங்களே நம்பி இறங்கறப்ப நாங்க தயங்கணுமா?

பதில்: கட்டாயம் தயங்கணும். ஏன்னா அவங்க இறங்கவே இல்ல. மேடையில கைகுலுக்கி போட்டோ எடுத்துக்கற பிராண்டுகாரங்க பெரும்பாலும் ஒரு செங்கல்லுக்குக்கூட காசு போடறதில்ல. மேரியட் பேர்ல உலகம் பூரா 9,000 ஹோட்டலுக்கு மேல ஓடுது, அதுல கம்பெனி சொந்தமாவோ குத்தகைக்கோ வெச்சிருக்கறது 1 சதவீதம்கூட கிடையாது. ஹில்டனும் கிட்டத்தட்ட இதே வழிதான். நிலம், கட்டடம், கடன் எல்லாம் ஓனர் பாடு, அவங்க மேனேஜ்மென்ட் கான்ட்ராக்ட் போட்டு 15, 20 வருஷம் நடத்தித் தருவாங்க, அதுக்கு மொத்த வருமானத்துல பொதுவா 2லேருந்து 3 சதவீதம் அடிப்படை ஃபீஸ், லாபத்துல தனியா ஒரு பங்கு. அடிப்படை ஃபீஸ் வருமானத்துலேருந்து போறதுங்க, நீங்க வட்டி கட்ட முடியாம முழிக்கற வருஷமும் அது போயிட்டுதான் இருக்கும்.

அடுத்தது பைப்லைன் கணக்கு. இத்தனை ஆயிரம் ரூம் வரப்போகுதுன்னு சொல்றாங்கல்ல, அதுல வெறும் கையெழுத்தோட நிக்கறதும் சேரும், வேலை நடக்கறதும் சேரும். லாகோஸ்ல இருக்கற டபிள்யூ ஹாஸ்பிடாலிட்டி குரூப்ங்கற ஹோட்டல் ஆலோசனை கம்பெனி வருஷா வருஷம் போடற ரிப்போர்ட்ல ரெண்டையும் பிரிச்சே காட்டறாங்க, மாநாட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிட்டுப் போங்க.

நான் ரொம்ப பயப்படறது கரன்சிக்குத்தான். 2023 ஜூன்ல நைஜீரியா தன்னோட கரன்சியான நைராவோட மதிப்ப சந்தையே தீர்மானிக்கட்டும்னு விட்டப்போ ஒரு டாலர் 460 நைரா பக்கம் இருந்தது, 2024 ஆரம்பத்துல 1,500ஐத் தாண்டிடுச்சு. நீங்க 2 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தா 920 கோடி நைராவா இருந்த அசல், ஒரு வருஷத்துக்குள்ள 3,000 கோடி ஆகிருக்கும், ஹோட்டல்ல ஒரு ரூம்கூட கூடியிருக்காது. வெளிநாட்டு விருந்தாளிக்கு டாலர்ல ரேட் போடலாம்னு சொல்வாங்க, ஆனா உள்ளூர் கம்பெனி மீட்டிங்கும் கல்யாண ஹாலும் நைராலதான் வரும், அந்த ரேட்டை மூணு மடங்கு ஏத்தினா ஆளே வராது. எகிப்துல 2016லயும் எத்தியோப்பியால 2024லயும் இதே மாதிரி கரன்சி சரிஞ்சது, அதனால இது நைஜீரியாவோட தனிக்கதைன்னு ஒதுக்காதீங்க. லிஃப்ட், ஜெனரேட்டர், கிச்சன் சாமான்னு பாதிக்கு மேல இறக்குமதி பண்ண வேண்டிய கட்டடத்துக்கு இந்த அடி கட்டும்போதே விழும், அரைகுறையா நிக்கற ஹோட்டல்கள் பலதுக்கும் இதுதாங்க காரணம்.

மாநாட்டுக்குப் போகவேணாம்னு சொல்லல, போங்க. ஆனா மேடைக்கு எதிர்ல நாள் பூரா உக்காந்திருக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி மேடையில கையெழுத்து போட்ட ஓனர் யாராவது வந்திருப்பார், தேடிப் பிடிச்சு கேளுங்க: ஹோட்டல் திறந்தாச்சா, எத்தனை வருஷம் தள்ளிப்போச்சு, கடன் எந்த கரன்சில. அப்புறம் ஒப்பந்தம் போட வர்ற பிராண்டுகிட்ட, ஃபீஸ்ல ஒரு பகுதிய கடன் தவணைக்குப் பின்னாடி வாங்கிக்கறீங்களா, லாப இலக்கு எட்டலைன்னா நாங்க ஒப்பந்தத்த முறிக்கலாமான்னு நேரா கேளுங்க. ரெண்டுக்கும் மழுப்பினாங்கன்னா பேனாவத் தொடாதீங்க.