சூடேறிய பின் 'டிக்' ஒலியோடு ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய மாருதி 800

வணக்கம். காலையில் உடனே கிளம்பும் வண்டி, ஓடிச் சூடேறியபின் நிறுத்தி மீண்டும் சாவியைத் திருப்பினால் சில நேரம் 'டிக்' என்ற ஒற்றை ஒலி மட்டும் கேட்டு, ஸ்டார்ட் ஆவதில்லை என்றும், அப்போதும் ஹெட்லைட் மங்குவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பேட்டரியில் பெரும்பாலும் குறையில்லை; புதிய பேட்டரிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கோளாறு தலைகாட்டும் நேரத்திலேயே சோதிப்பது முக்கியம். ஆறிய வண்டியில் எதுவும் பிடிபடாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பை (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் வயர்) கழற்றி, துருவைத் தேய்த்து இறுக்குங்கள்.

அது சரியென்றால், சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயரைப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது அங்கே 10 வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். முழு வோல்ட்டேஜ் வந்தும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாவிட்டால், பெரும்பாலும் சொலினாய்டின் உள்ளே செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கும்.