வாசகர் கேள்வி பதில்: வரைபடம் இருக்கும்போது வானொலி எதற்கு?

கேள்வி: முகப்பேரிலிருந்து கிண்டிக்குத் தினமும் காரில் செல்கிறேன். நெரிசலைக் கைபேசி வரைபடமே சிவப்புக் கோட்டில் காட்டிவிடுகிறது. பண்பலை வானொலியின் போக்குவரத்து அறிவிப்பால் இன்னும் பயன் உண்டா?
– வாசகி ஒருவர், முகப்பேர்

பதில்: நிச்சயமாக உண்டு. சாலையில் உள்ள கைபேசிகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைக் கொண்டே வரைபடம் நெரிசலைக் கணக்கிடுகிறது. வண்டிகள் ஊர்ந்து செல்வது அதற்குத் தெரியும். லாரி பழுதாகி நிற்கிறதா, ஊர்வலம் போகிறதா, முக்கியப் பிரமுகரின் வருகைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பது பெரும்பாலும் தெரியாது. நமக்கு வேண்டியதோ அந்தக் காரணம்தான். பிரமுகருக்காக நிறுத்தியிருந்தால் அவர் கடந்ததும் விட்டுவிடுவார்கள், பொறுத்திருக்கலாம். மேம்பாலத்தில் கண்டெய்னர் லாரி கவிழ்ந்திருந்தால் கிரேன் வந்து தூக்கும் வரை வழி இல்லை, உடனே வேறு பாதையைப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும். ஒரு நவம்பர் மாலை, தியாகராய நகரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடிக்குக் கீழே நூலால் கட்டியிருந்த சிறிய வானொலியில், அரங்கநாதன் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதால் வண்டிகளை விடவில்லை என்றார் அறிவிப்பாளர். ஓட்டுநர் ஒரு வார்த்தையும் பேசாமல் கோடம்பாக்கம் மேம்பாலத்தை நோக்கி வண்டியைத் திருப்பிவிட்டார். சுற்றுவழிதான், ஆனால் சுரங்கப்பாதையின் வாயில் வரை போய், பின்னால் வண்டிகள் அடைத்துக்கொள்ள, திரும்பவும் முடியாமல் நின்றவர்களின் நிலை எங்களுக்கு வரவில்லை.

குறையும் உண்டு. ‘அண்ணா சாலையில் கடும் நெரிசல்’ என்று மட்டும் சொல்லிப் பாட்டுக்குத் தாவிவிடும் அறிவிப்பால் யாருக்கும் பயன் இல்லை. எந்தச் சந்திப்பிலிருந்து எதுவரை, எந்தத் திசையில், எத்தனை மணி நிலவரம் என்ற விவரங்கள் இருந்தால்தான் அது அறிவிப்பு. நிலையங்கள் இதில் இன்னும் அக்கறை காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகப் பல சாலைகளில் தடுப்பு வைத்து வழியை மாற்றியிருக்கும் இக்காலத்தில், அரைகுறைத் தகவல் ஆளைத் தவறான சந்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கேள்வி: தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாதாமே, போக்குவரத்து நிலவரத்தை மட்டும் எப்படிச் சொல்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: 2011-இல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள் போன்றவற்றைச் செய்தி என்ற வகையில் சேர்க்கவில்லை, ஆகவே அவற்றை ஒலிபரப்பத் தடை இல்லை.

கேள்வி: பேருந்தில் செல்பவருக்கும் இரு சக்கர வாகனத்தில் செல்பவருக்கும் இதனால் என்ன லாபம்?
– அரசு ஊழியர், குரோம்பேட்டை

பதில்: பேருந்தின் வழியைப் பயணி மாற்ற முடியாது, ஆனால் தான் ஏறும் வண்டியை மாற்றிக்கொள்ள முடியும். அண்ணா சாலை அடைத்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்தால், நீங்கள் கிண்டியில் இறங்கி மெட்ரோவில் ஏறிவிடலாம். அந்தச் சாலையின் அடியிலேயே அது ஓடுகிறது. இரு சக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசத்துக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் காதில் விழ வேண்டும். காலையில் சாப்பாடு கட்டும் நேரத்தில் சமையலறை வானொலியைப் போட்டு வையுங்கள். வண்டியை வெளியே எடுக்கும் முன்பே எந்த வழி என்று முடிவு செய்துவிடலாம்.