ஆஸ்திரேலியச் சிறைகளில் பழங்குடியினர் ஏன் இத்தனை பேர்?

மக்கள்தொகையில் நூற்றுக்கு 4 பேர்கூட இல்லாத பழங்குடியினர், ஆஸ்திரேலியக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். 'அவர்கள் சுபாவமே அப்படி' என்ற பேச்சை முதலில் தள்ளிவிடுங்கள்.

1987-ல் அமைந்த ராயல் கமிஷன் (அரசு அமைக்கும் உயர்மட்ட விசாரணைக் குழு), காவலில் இறந்த 99 பழங்குடியினரின் வாழ்க்கையை ஒவ்வொன்றாகத் தோண்டியது. காவலில் இருந்தவர்களுக்குள் அவர்களின் சாவு விகிதம் மற்றவர்களைவிட அதிகமில்லை. பிடித்து உள்ளே தள்ளப்படுவதுதான் பல மடங்கு அதிகம் என்றது 1991 அறிக்கை. அந்த 99 பேரில் 43 பேர் சிறுவயதிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். எனக்கு உறைத்த எண் அதுதான்.

அப்புறம், பொது இடத்தில் போதையில் இருந்தது மாதிரி சில்லறைக் காரணத்துக்கே பலர் லாக்கப்புக்குப் போனார்கள். அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது கமிஷன். விக்டோரியா மாநிலத்தில் அது நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பரில். 32 வருஷம்!