பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது என் குற்றமா?

கேள்வி: கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் வேலை என்பதால் ஸ்கூட்டர்தான். போக வர தினமும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போன மாதம் ‘டேங்கர் லாரி ஸ்ட்ரைக், நாளை முதல் பெட்ரோல் கிடையாது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நானும் போய் வரிசையில் நின்று டேங்கை நிரப்பினேன். மறுநாள் காலையில் அதே பங்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்று பலகை. ஸ்ட்ரைக் எதுவும் நடக்கவில்லை. ‘உன்னைப் போல ஆளுக போய் நின்னதாலதான் தீந்துபோச்சு’ என்கிறார் வீட்டுக்காரர். ‘பங்க்காரன் பதுக்கிட்டான்’ என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். யார் சொல்வது சரி? இனி இப்படி வந்தால் கேனில் பத்து லிட்டர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் போட்ட கணக்கு சரி, சுமத்திய பழி தவறு. கடைக்காரர் சொல்வது எப்போதாவது உண்மையாக இருக்கும், பெரும்பாலும் இருக்காது. எரிபொருள் விற்பனைத் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்பதால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நடுத்தரமான பங்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். தரைக்கடியில் 20,000 லிட்டர் பெட்ரோல் தொட்டி. சாதாரண நாளில் 1,600 இருசக்கர வண்டிகள் வந்து ஆளுக்கு இரண்டு லிட்டர், அதாவது ‘இருநூறுக்குப் போடுங்க’ கணக்கு. அது 3,200 லிட்டர். எண்பது கார்கள் பத்துப் பத்து லிட்டர் போட்டால் 800. மொத்தம் 4,000. தொட்டி முழுதாக இருந்தால் ஐந்து நாள் ஓடும்.

இனி வதந்தி வந்த நாள். வருகிறவர் யாரும் இருநூறுக்குக் கேட்பதில்லை, ‘ஃபுல்’ என்கிறார்கள். பைக்குக்கு ஐந்து லிட்டர், காருக்கு இருபத்தைந்து என்று வைத்தாலே 10,000 லிட்டர் ஆகிவிட்டது. நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் வரவேண்டியவர்களும் இன்றைக்கே வந்து வண்டிகள் இரட்டிப்பானால் 20,000. நிறைந்த தொட்டியே ஒரே நாளில் காலி. ஆனால் எந்த பங்கிலும் தொட்டி எப்போதும் நிறைந்திருப்பதில்லை; பாதி இருந்தால் மத்தியானத்துக்குள் முடிந்தது. அடியில் கொஞ்சம் எண்ணெயைப் பம்பு இழுக்காது, அதை விற்கவும் முடியாது. தொட்டியின் ஆழம் பார்க்கும் கம்பியான டிப் ராடைப் போட்டுப் பார்த்துவிட்டு மேனேஜர் பலகையை மாட்டிவிடுவார்.

இதில் யாரும் அதிகமாக எரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தரைக்கடியில் இருந்த பெட்ரோல் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளின் டேங்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் எல்லாரும் முதல் பந்தியிலேயே உட்கார வந்தால் சோறு தீராது, இலையும் இடமும்தான் போதாமல் போகும். அதனால்தான் இரண்டு மூன்று நாளில் வரிசை காணாமல் போய், ஒரு வாரத்துக்கு பங்க் வெறிச்சோடிக் கிடக்கும். மாதக் கடைசியில் மொத்த விற்பனையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்படியென்றால் வரிசையில் நின்ற நீங்கள் குற்றவாளியா? இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய நர்ஸ், பக்கத்து பங்கில் நாளை பெட்ரோல் இருக்குமா என்று தெரியாதபோது இன்றைக்கு நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். நீங்கள் ஒருவர் போகாமல் இருந்தால் அந்த வரிசை ஒரு வண்டி குறைந்திருக்கும். உங்கள் டேங்க் காலியாக இருந்திருக்கும். ‘பதறாதீர்கள்’ என்று பொதுவாக அறிவுரை சொல்கிறவர்களை நான் மதிப்பதில்லை. கையிருப்பு எவ்வளவு, அடுத்த லோடு எப்போது என்று தெரிந்தவர்கள் வாய் மூடியிருக்க, தெரியாதவர்கள் மட்டும் நிதானமாக இருக்கவேண்டும் என்பது என்ன நியாயம்? என் கணக்கில் பழியின் பெரும்பங்கு, தெரிந்தும் நேரத்தில் சொல்லாதவர்களுக்குத்தான்.

2021 செப்டம்பர் கடைசியில் பிரிட்டனில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். லாரி டிரைவர்கள் பற்றாக்குறையால் சில பங்குகளைத் தற்காலிகமாக மூடவேண்டியிருக்கிறது என்று பி.பி. எண்ணெய் நிறுவனம் அரசிடம் சொன்னது வெளியே கசிந்தது. சில நாட்களுக்குள் பல ஊர்களில் பங்குகள் காய்ந்துவிட்டன. சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெய் இருந்தது. கொண்டுவந்து கொட்டத்தான் ஆளில்லை. கடைசியில் அக்டோபர் 4 முதல் ராணுவத்தினர் டேங்கர் ஓட்டினார்கள். மக்கள் பதறியதுதான் காரணம் என்று அங்கேயும் அமைச்சர்கள் சொன்னார்கள். டிரைவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று லாரித் தொழிலில் இருந்தவர்கள் அதற்குப் பல மாதம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் நாட்டில் 2024 ஜனவரி 1, 2 தேதிகளில் விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடும் டிரைவர்களுக்கான புதிய தண்டனைப் பிரிவை எதிர்த்து லாரிகள் நின்றன. பல மாநிலங்களில் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. சண்டிகரில் பைக்குக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். இரண்டாம் தேதி இரவே பேச்சுவார்த்தை முடிந்து லாரிகள் கிளம்பின. வரம்பு வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: பைக்குக்கு இரண்டு லிட்டர் என்றதும் ஒரு வண்டிக்குப் போடுவது பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஆனால் எல்லாத் தட்டுப்பாட்டையும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. 2022 ஜூனில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் உட்படப் பல இடங்களில் பங்குகள் வற்றின. அப்போது கச்சா எண்ணெய் விலை ஏறிக் கிடந்தது, சில்லறை விலையோ அசையவில்லை. ஒவ்வொரு லிட்டரிலும் நஷ்டம். தனியார் பங்குகள் விற்பனையைச் சுருக்கின. மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலை சில்லறை விலையைவிடப் பல ரூபாய் அதிகமாக இருந்ததால், அவர்களும் பங்குக்கே வந்து பிடித்தார்கள். பொதுத்துறை நிறுவனங்களில் சில, டீலர்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தின. கடைசியில் ஜூன் 17 அன்று, உரிமம் பெற்ற எல்லாச் சில்லறை பங்குகளும் கட்டாயம் விற்பனை செய்யவேண்டும் என்று ஒன்றிய அரசு விதியை விரிவாக்கியது. அந்த மாதம் வரிசையில் நின்றவர்கள் மேல் ஒரு துளிப் பழியும் இல்லை. அதே ஜூன் 27 அன்று கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். அங்கே கப்பலுக்குக் கொடுக்க டாலர் இல்லை. பிறகு க்யூஆர் கோடு வைத்து வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்கிட்ட பின்தான் வரிசை குறைந்தது. மொத்தத்தில் எண்ணெய் குறைவாக இருந்தும்கூட, தன் பங்கு தனக்கு வந்துசேரும் என்று தெரிந்ததும் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இனி பங்க்காரர் விஷயம். டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கமிஷன்தான். விலையை அவர் வைப்பதில்லை. பதுக்கினால் லாபம் வரவேண்டுமென்றால் விலை ஏறப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விலை மாறிய காலத்தில் அந்த விளையாட்டு உண்டு. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை நிர்ணயம் வந்தபின் அதற்கு இடம் குறைவு. தலைகீழான ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. விலை குறையப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் டீலர் லோடு எடுக்கத் தயங்குவார். 2021 தீபாவளிக்கு முந்தின நாள் இரவு ஒன்றிய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தபோது, பழைய விலைக்கு வாங்கித் தொட்டியை நிரப்பி வைத்திருந்தவர்களுக்குக் கையைக் கடித்தது. 2022 மே மாதமும் அப்படியே. சூடு கண்ட டீலர் தொட்டியைப் பாதியிலேயே வைத்திருப்பார். அந்த வாரம் பார்த்து வதந்தி வந்தால் ‘பதுக்கிட்டான்’ என்ற பேச்சும் சேர்ந்து வரும்.

பெரும்பாலும் பணத்தை முன்னால் கட்டினால்தான் லோடு. ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் சேர்ந்தால் நிறுவனத்தின் டெப்போவில் லாரிக்கு எண்ணெய் ஏற்றுவதும் குறையும். நீங்கள் நிரப்பியது ஒரு சனிக்கிழமை என்றால், ஞாயிறு காலைப் பலகைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை. சந்தேகம் தீராவிட்டால் பங்கில் விலையும் கையிருப்பும் எழுதிய பலகை இருக்கும், அதைப் பாருங்கள். கையிருப்பு காட்டிவிட்டு இல்லை என்றால் மாவட்ட வழங்கல் அலுவலரிடமோ, பங்கிலேயே எழுதிப் போட்டிருக்கும் நிறுவன அதிகாரியின் எண்ணிலோ புகார் சொல்லலாம். அந்த நேரத்தில் பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ இல்லாத புகார் வாய்ப்பேச்சாகவே போய்விடும்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று சில சங்கடங்கள் உண்டு. இங்கே சுத்திகரிப்பு ஆலை கிடையாது. பங்குக்கு எண்ணெய் டேங்கர் லாரியில்தான் வந்து இறங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வெள்ளம் வந்து சாலைகள் துண்டித்துப் போனதே, அப்படி ஒரு நாளில் வரும் தட்டுப்பாடு வதந்தி ஆகாது. நெல்லைப் பக்கமிருந்து நம் மாவட்டத்துக்குள் நுழையும் ஆரல்வாய்மொழியைத் தாண்டி லாரி வரமுடியாத நாளில் முன்னெச்சரிக்கையாக இருப்பவரை யாரும் கேலி செய்யக்கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஜெனரேட்டர் இல்லாத பங்கில் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் நாசிலில் சொட்டு வராது.

இன்னொன்று கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை. கேரளத்தில் பெட்ரோல் நம்மைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரல் 1 முதல் அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் என்ற கூடுதல் வரி வேறு. அதனால் எல்லைப் பக்கத்து பங்குகளில் சாதாரண நாளிலேயே அந்தப் பக்கத்து வண்டிகள் நிற்கும். ‘மலையாளத்தான் வந்து காலி பண்ணிட்டான்’ என்று பதற்ற நாளில் கேட்கும் பேச்சுக்கு மூலம் இதுதான். அவர்கள் தினமும் வருகிறவர்கள். அன்றைக்கு மட்டும் புதிதாக வரவில்லை.

இனி கேன். வேண்டாம் என்பதுதான் என் பதில். சட்டம் முழுக்கத் தடுக்கவில்லை: 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் பாத்திரம் இன்னதென்று அதே பிரிவு சொல்கிறது. கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர். உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. இறுக மூடியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் வெள்ளை பிளாஸ்டிக் கேனும் அந்தப் பட்டியலில் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். வராந்தாவில் வைத்த கேனுக்கும் சமையலறை அடுப்புக்கும் நடுவில் நம் வீடுகளில் எத்தனை அடி இருக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். தீக்காய வார்டைப் பார்த்திருக்கும் உங்களுக்கு நான் மேலே விளக்கவேண்டியதில்லை.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடல் காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில், மூடி சரியாக இல்லாத கேனில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். அவசரத்துக்கு என்று வைத்ததை ஊற்றினால், அவசர நாளில்தான் வண்டி இழுத்து நிற்கும்.

கேனில் வாங்கியே தீரவேண்டியவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் வள்ளத்து எஞ்சினுக்கு எரிபொருளைக் கேனில்தான் கரைக்குக் கொண்டுபோக முடியும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் களைவெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு யாரும் பங்குக்கு வரமாட்டார்கள். பதற்ற நாளில் ‘கேனில் கிடையாது’ என்று ஒரே போடாகப் போட்டால் முதலில் அடிபடுவது இவர்கள் பிழைப்பு. மீன்வளத்துறை அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பதில் மாவட்ட நிர்வாகத்துக்கு என்ன கஷ்டம்?

உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். டேங்க் ஐந்து லிட்டர். நிறைந்திருந்தால் நாலு நாள், பாதி என்றால் இரண்டு நாள். ஆகவே முள் பாதிக்கு வந்ததும் போடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பதற்றக் கூட்டம் அநேகமாக இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும் என்பதால் அது போதும். வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், தேதியும் சங்கத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரைக் என்றால் அறிவித்த சங்கம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். வேறு நிறுவனத்து பங்குக்கு ஒரு போன் போட்டு லோடு வந்ததா என்று கேளுங்கள். வந்தது என்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல் போங்கள், வரிசை இருக்காது. வரவில்லை என்றால் அன்றைக்கு கருங்கலிலிருந்து பஸ். இரவு ஷிப்ட் மட்டும்தான் சிக்கல். அதற்கு உங்கள் ஆஸ்பத்திரியிடம் இப்போதே கேட்டு வையுங்கள், அவர்கள் ஆம்புலன்ஸுக்கு எந்த பங்கில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், ஊழியர்களுக்கும் அங்கே டோக்கன் கிடைக்குமா என்று.