நிலவு விழுந்த கேம்: ஃபைனல் ஃபன்டசி 14 கேள்வி பதில்

போன சனிக்கிழமை பின்னேரம் கேம் விளையாடுகிற நாங்கள் கொஞ்சப் பேர் கொக்குவிலில் கூடினோம். ஃபைனல் ஃபன்டசி 14 என்ற ஒன்லைன் கேம் 2010இல் படுதோல்வி அடைந்து, 2013இல் புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. 2013 கடைசியில் இருந்து அதை விளையாடுகிறவன் என்பதால் கேள்வி எல்லாம் என்னிடம் வந்தது. கேட்டதையும் சொன்னதையும் கீழே தருகிறேன்.

மானிப்பாய் தம்பி: அண்ணா, முதல் வந்த கேமில் அப்படி என்ன பிழை?

கனக்கப் பிழை, தம்பி. 2010 செப்டெம்பரில் ஸ்குவெயர் எனிக்ஸ் அதை வெளியிட்டபோது படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஒரே பாறையும் ஒரே மேடும் திரும்பத் திரும்ப ஒட்டிய நிலம். பொருள் வாங்க ஏலக்கடை இல்லை. மற்ற ஆட்கள் நிறுத்தி வைத்த வேலையாட்களிடம் ஒவ்வொருவராகப் போய்த் தேட வேண்டும். ஒரு வகுப்பை, அதாவது பாத்திரம் எடுக்கிற தொழிலை, வாரத்தில் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் அனுபவப் புள்ளி குறையத் தொடங்கும். காசு கட்டி விளையாட வந்தவனை ‘காணும், போ’ என்று சொல்வது போல.

ஒரு பூச்சட்டியின் கதை பிரபலம். ஓரத்தில் கிடக்கிற அந்தச் சட்டிக்கு ஒரு மனிதப் பாத்திரத்துக்குச் செலவான அளவு பொலிகன் (உருவத்தைக் கட்டுகிற சின்னத் துண்டுகள்), அதாவது ஆயிரம் வரை. ஒரே திரையில் கூட்டமாக ஆட்கள் நிற்க வேண்டிய கேமில் சட்டிக்கு அவ்வளவு கொடுத்தால் ஆட்களை எப்படிக் காட்டுவது? பிறகு பொறுப்பெடுத்த நவோக்கி யோஷிடா, 2014இல் கேம் உருவாக்குநர் மாநாட்டில் மூன்று காரணம் சொன்னார்: படத்தின் தரத்தில் வெறி, அந்தக் கால ஒன்லைன் கேம்கள் எப்படி மாறிவிட்டன என்ற அறிவு இல்லாதது, எதையும் பிறகு திருத்தலாம் என்ற நினைப்பு. மூன்றாவதுதான் மோசமானது என்பது என் எண்ணம். முதல் இரண்டும் திறமைக் குறைவு, படித்துச் சரிசெய்யலாம். மூன்றாவது விளையாடுகிறவனின் நேரத்தை மதிக்காதது.

நல்லூர் தங்கச்சி: அப்படிப்பட்ட கேமை ஏன் மூடிவிடவில்லை?

அந்தப் பெயருக்காக. ஃபைனல் ஃபன்டசி என்பது 1987இல் இருந்து வருகிற அந்தக் கம்பனியின் அடையாளம். 2010 டிசெம்பரில் தலைவர் யோய்ச்சி வாடா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், பொறுப்பாளர்கள் மாறினார்கள், யோஷிடா வந்தார். மாதச் சந்தா வாங்குவதையும் தள்ளிப்போட்டார்கள். வாங்கத் தொடங்கியது 2012 ஜனவரியில்தான். ஒரு வருசத்துக்கு மேல் சந்தா இல்லாமல் சேர்வர் ஓடியது! மன்னிப்பை யாரும் கேட்கலாம். அந்த ஒரு வருசத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் அந்த மன்னிப்பை நம்பத் தொடங்கினார்கள்.

அதே தங்கச்சி: பழையதையும் திருத்தி, புதியதையும் கட்டினார்களாமே? பழையதில் போட்ட வேலை வீண்தானே?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோயில் திருப்பணி தொடங்கும்போது பாலஸ்தாபனம் செய்வார்கள் இல்லையா? சாமியைச் சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்து, பூசையை நிறுத்தாமல் நடத்திக்கொண்டே பெரிய கோயிலைப் பிரித்துக் கட்டுவார்கள். கும்பாபிஷேகம் வரைக்கும் கும்பிட வருகிறவன் வெறும் வாசலைப் பார்த்துத் திரும்புவதில்லை. யோஷிடாவின் ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். பழைய கேமுக்குப் புதுச் சண்டைகளும் கதையும் வந்துகொண்டே இருந்தன. இடையிடையே ‘தயாரிப்பாளரின் கடிதம்’ என்று யோஷிடா தன் பெயரில் எழுதுவார்: இது முடிந்தது, இது பிந்தும், இது முடியாது என்று. பிறகு நேரலையிலும் வந்து கேள்விக்குப் பதில் சொன்னார். இன்றைக்கும் சொல்கிறார்.

சுன்னாகத்தில் இருந்து வந்த ஐயா: நிலவு விழுந்தது என்கிறார்களே, அது என்ன?

ஐயா, அந்த உலகத்தின் வானத்தில் டலமுட் என்று ஒரு சிவப்பு நிலவு. 2012இல் அது மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டு வந்தது. 2012 நவம்பர் 11, சேர்வர் மூடும் நாள். நகரங்களில் அரக்கர்கள் இறங்க, இருந்த ஆட்கள் கடைசி வரைக்கும் சண்டை பிடித்தார்கள். பிறகு ஒரு காணொளி: நிலவு வெடிக்கிறது, உள்ளே இருந்து பகமுட் என்ற பறவைநாகம் வெளிவந்து நாட்டை எரிக்கிறது. ஒரு முதியவர் தன் உயிரைக் கொடுத்து வீரர்களை எதிர்காலத்துக்கு அனுப்பிவைக்கிறார். 2013 ஓகஸ்ட் 27இல் ‘ஏ ரெல்ம் ரீபோர்ன்’ என்று திரும்பி வந்தபோது கதையில் ஐந்து வருசம் கழிந்திருந்தது.

பழைய கேமை இல்லை என்று மறைக்காமல், அதன் அழிவையே கதையாக வைத்தார்கள். நான் அந்த நாளில் அங்கே இல்லை. இருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிக் கதைக்கும்போது குரல் மாறும்.

சாவகச்சேரி தம்பி: பழைய ஆட்களுக்கு ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. பழைய கேமில் 90 நாள் சந்தா கட்டியவர்களுக்கு மாதம் 9.99 டொலர் என்ற குறைந்த கட்டணம். பழைய பாத்திரமும் கூடவே வந்தது. அதன் கழுத்தின் பின்னால் பச்சை குத்திய ஒரு அடையாளம், கேமின் இறுதிப் பட்டியலில் அவர்கள் பெயர்.

பருத்தித்துறை தம்பி: புதியது வந்த உடனே எல்லாம் சரியாகிவிட்டதா?

எங்கே! ஆட்கள் குவிந்து சேர்வர் திணறியது, இணையவழி விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். 2021 டிசெம்பரில் ‘என்ட்வோக்கர்’ என்ற அடுத்த பாகம் வந்தபோதும் அதே நெரிசல், அதே விற்பனை நிறுத்தம், மொத்தம் 21 நாள் இலவசம். விற்கிற நேரத்தில் கடையை மூடுவது சின்ன விசயம் இல்லை.

அதே தம்பி: இங்கே இருந்து விளையாடலாமா?

உலகப் பதிப்பின் சேர்வர்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஒசியானியாவில்தான். எங்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 2.5 விநாடி என்பதால் தாமதத்தைச் சமாளிக்கலாம். அடி விழப்போகிற இடத்தைக் காட்டுகிற செம்மஞ்சள் அடையாளம் நிலத்தில் தெரிந்தால் கடைசி நொடிவரை நிற்காதே, அவ்வளவுதான். இலவசப் பதிப்பில் 70ஆம் நிலை வரை நாள் கணக்கு இல்லாமல் விளையாடலாம்.

பல்கலைக்கழகத் தங்கச்சி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து போனில் 304 என்ற சீட்டாட்டத்தைக் கேமாகச் செய்தோம். ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் நாலு பேரின் ஆட்டமும் போய்விடும். ஆட்கள் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ‘2.0 வருகிறது’ என்று அறிவிக்கலாமா?

இப்போது வேண்டாம், தங்கச்சி. ‘அன்தம்’ என்ற கேம் 2019இல் வந்து விழுந்தது. திருத்துகிறோம் என்று சொல்லி ஆட்களைக் காத்திருக்க வைத்து, 2021 பெப்ரவரியில் கைவிட்டார்கள். 2026 ஜனவரியில் சேர்வரும் மூடியாகிவிட்டது. ‘நோ மான்ஸ் ஸ்கை’ 2016இல் அதைவிட மோசமாகத் திட்டு வாங்கியது. அந்தச் சின்ன ஸ்டூடியோ அதிகம் கதைக்காமல், செய்து முடித்ததை ஒவ்வொன்றாக இலவசமாகக் கொடுத்தது. உங்கள் அளவுக்கு அந்த வழிதான் பொருந்தும்.

முதலில் இணைப்பு அறுந்தவரின் கையில் இருந்த சீட்டுகளை சேர்வரில் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பி வரும்போது துரும்பு எது, யார் கேட்டது, எத்தனை பிடி போனது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வராவிட்டால் அவருக்காகக் கணினி சீட்டை இறக்கட்டும். அதை முடித்துவிட்டு, விட்டுப்போனவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதுங்கள்: எது பிழைத்தது, எதைத் திருத்தினோம், உங்கள் பழைய புள்ளிகள் அப்படியே இருக்கின்றன என்று. விளம்பரம் போட்டிருந்தால் அதுவரைக்கும் எடுத்துவிடுங்கள்.

திருத்தி முடித்ததும் எனக்கும் சொல்லுங்கள். இங்கேயே நாலு கை இருக்கிறோம், ஆடிப் பார்த்துச் சொல்கிறோம்.